தங்கவயல்: வெந்நீர் போன தடம்

1830 பிப்ரவரி 9ஆம் தேதி நம்ம புதுச்சேரியில் ஒரு மனுஷர் காலமானார். பேரு ஜான் வாரென். இங்கிலீஷ்காரர்னு நினைச்சிடாதீங்க. முழுப்பேரு ழான் பப்திஸ்த் பிரான்சுவா ஜோசப் தெ வாரென். பிரெஞ்சுப் பிரபு குடும்பம். புரட்சி வந்ததும் நாட்டைவிட்டு ஓடி, கடைசியில் இந்தியாவுக்கு வந்து, ஆங்கிலேயப் படையோட 33ஆவது ரெஜிமென்ட்ல சேர்ந்துட்டார். (பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சுக்காரனை எதிர்த்துச் சண்டை போடுற படையில். வயித்துப்பாடு எதையும் செய்ய வைக்கும்.) லாம்டன் நடத்தின நில அளவைப் பணியில் உதவியாளரா இருந்தார், 1805ல இருந்து சில வருஷம் சென்னை வானாய்வுக்கூடத்தை நடத்தினார், நெப்போலியன் விழுந்ததும் பிரான்சுக்குப் போனார், மனசு ஒட்டாம மறுபடி புதுச்சேரிக்கே வந்து இங்கயே முடிஞ்சார்.

இவரைப் பத்தி எழுதணும்னு உக்காந்ததுக்குக் காரணம் வானியல் இல்லைங்க. கோலார் தங்கவயல். அந்த வயலைப் பத்தி முதல்ல எழுதிவச்ச ஐரோப்பியர் இவர்தான். பாரதி வீதி, வ.உ.சி. வீதி எல்லாம் சுத்துற நமக்கு இப்படி ஒரு ஆள் இந்த ஊர்ல வாழ்ந்தார்னே தெரியறதில்ல.

1802ல மைசூர் அரசோட கிழக்கு எல்லையை அளக்கற வேலை வாரெனுக்கு. திப்பு இறந்து மூணு வருஷந்தான் ஆகியிருந்தது. எர்ரகொண்டா குன்று பக்கம் கூடாரம் போட்டிருக்கப்ப, இந்த மண்ணுல தங்கம் கிடைக்குதுன்னு ஊர்ல பேச்சு அடிபடுறது காதுல விழுது. தண்டோரா போட்ட மாதிரி, தங்கம் இருக்கிற இடத்தைக் காட்டுறவங்களுக்கு வெகுமதின்னு அறிவிச்சார். ஊர்காம் கிராமத்துல இருந்து ஜனங்க வண்டியில மண்ணைக் கொண்டு வந்து, அவர் கண்ணு முன்னாலயே தண்ணில அலசிக் காட்டினாங்க. அடியில மினுக்கு மினுக்குனு பொடி. ஐம்பத்தாறு கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின் தங்கம் வரும்னு கணக்குப் போட்டார்.

அப்புறம் மாரிக்குப்பத்துக்குப் போய்ப் பாக்குறார். அங்க நிஜமான குழிங்க. ஆம்பளைங்க உள்ள இறங்கிக் கல்லை உடைச்சு, கூடை கூடையா கைமாத்தி மேல அனுப்பறாங்க. பொம்பளைங்க அதைப் பாறை மேல வச்சு மாவு மாதிரி இடிச்சு அலசுறாங்க. இவ்வளவும் எழுதிவச்சிட்டு வாரென் எல்லையை அளக்கப் போயிட்டார்.

இங்க ஒண்ணு கவனிங்க. அவர் எதையும் கண்டுபிடிக்கல. கேட்டார், காட்டினாங்க, எழுதினார். அவ்வளவுதான். ஆனா கேக்கறதுங்கறது அவருக்குக் கைவந்த பழக்கம். 23 வருஷம் கழிச்சு, இதே புதுச்சேரியில், பஞ்சாங்கம் கணிக்கிற ஒரு தமிழரைப் புடிச்சு உக்காரவச்சு, 1825ல வந்த சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். அந்த மனுஷர் பேப்பர் பேனா எதுவும் தொடல. தரையில சோழிகளை வச்சு நகர்த்தி, மனப்பாடமா வச்சிருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே கணிச்சார். கிரகணம் தொடங்குற நேரத்துல 4 நிமிஷம், நடுவுல 23 நிமிஷம், முடிவுல 52 நிமிஷம் தப்பு. கையில ஒரு கருவிகூட இல்லாம! அதே 1825ல வந்த 'கால சங்கலித'ங்கற வாரெனோட புத்தகம் மூலமாத்தான் இந்த விஷயம் பின்னால ஆட்டோ நியூகெபாவர் மாதிரி பெரிய வரலாற்று அறிஞர்கள் கண்ணுல பட்டது. நியூகெபாவர் அதுல பாபிலோனியக் கணக்குமுறையோட சாயலைப் பார்த்தார். சரி, கிளைக்கதை போதும்.

கோலார்ல அப்படி என்னதான் இருக்கு? சுருக்கமாச் சொன்னா, செத்துப்போன ஒரு வெந்நீர் ஊற்று அமைப்பு. எரிமலைக் குழம்புப் பாறைங்களுக்குள்ள இருநூத்தி ஐம்பது கோடி வருஷம் முன்னால ஓடின சூடான தண்ணி, போன வழியெல்லாம் விட்டுட்டுப் போன தடம். அந்தத் தடத்தைத்தான் 120 வருஷமா வெட்டித் தின்னோம்.

நம்மாளுங்களுக்கு வெந்நீர் ஊற்றுன்னா திருகோணமலைப் பக்கம் கன்னியா ஞாபகம் வரும், ஏழு கிணறு, ஒவ்வொண்ணுலயும் ஒரு சூடு. அங்க எரிமலை கிடையாது; மழைத்தண்ணி வெடிப்பு வழியா ஆழமா இறங்கி, சூடாகி, மேல வருது. லடாக்கில் பூகா போனா ஆவி புஸ்ஸுனு வரும். நியூசிலாந்துல எரிமலைப் பகுதியிலயே இந்தக் கூத்தை நேரடியா பாக்கலாம். வையோதாப்புங்கற இடத்துல ஒரு குளம், ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறத்துல படிவு. அந்தப் படிவுல தங்கமும் வெள்ளியும் இருக்கு. இப்பவும் படிஞ்சுக்கிட்டே இருக்கு.

தண்ணில தங்கம் கரையுமான்னு கேக்கலாம். வீட்டு அண்டாத் தண்ணில கரையாது. ஆனா ரொம்ப ஆழத்துல, பயங்கர அழுத்தத்துல, சில நூறு டிகிரி சூட்டுல, கந்தகம் கலந்த தண்ணிக்கு அந்தச் சக்தி உண்டு. கந்தகம் தங்கத்தைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகும். வழியில ரெண்டு விஷயம் நடக்கலாம். பாறை திடீர்னு வெடிச்சு இடம் கிடைச்சா, குக்கர் விசிலைத் தூக்கின மாதிரி அழுத்தம் சரேல்னு இறங்கும். கரைஞ்சிருந்ததெல்லாம் வெளிய வந்து படியும். இல்லேன்னா, இரும்புச்சத்து நிறைஞ்ச கறுப்புப் பாறை எதிர்ப்பட்டா கந்தகம் இரும்போட போய் ஒட்டிக்கும். தனியா விடப்பட்ட தங்கம் அங்கேயே உக்காந்துடும். நம்ம ஊரு போர்த்தண்ணில கீசர் காயில் வெள்ளையா படிவு கட்டுது இல்லையா, அதையே லட்சக்கணக்கான வருஷத்துக்கு, கிலோமீட்டர் கணக்கான ஆழத்துல யோசிச்சுப் பாருங்க. காயில்ல படியறது சுண்ணாம்பு, அங்க படிஞ்சது குவார்ட்ஸ். நடுவுல தங்கம்.

கோலார்ல இருந்தது வையோதாப்பு மாதிரி மேல கொப்பளிக்கிற ஊற்று இல்லை, அதைத் தெளிவா சொல்லிடணும். எரிமலைங்க குழம்பைக் கக்கி அடங்கி ரொம்ப காலம் கழிச்சு, நிலப்பகுதிங்க ஒண்ணோடொண்ணு முட்டி நசுங்கினப்ப உண்டான நீளமான வெடிப்புங்க வழியா அடியாழத்துல இருந்து ஏறி வந்த தண்ணி. மேல இருந்த பல கிலோமீட்டர் பாறை காலப்போக்குல தேய்ஞ்சு போனதாலதான், அன்னைக்கு அடிவயித்துல இருந்தது இன்னைக்கு வெயில் காயுது. உயிரோட இருக்கிற ஊற்றுல மேல்வாசலைத்தான் பாக்க முடியும். செத்த ஊற்றுலதான் குடலையே பாக்கலாம். (உவமை நல்லா இல்லைதான், வேற தோணல.)

அப்ப இதுக்கு எப்படி வரைபடம் போடுறது? தண்ணி போயாச்சு, சூடு போயாச்சு. மிச்சம் இருக்கிறது நிறம். கோலார்ல அடிப்படைப் பாறை ஹார்ன்பிளண்ட் ஷிஸ்ட், பச்சை கலந்த கறுப்பு. ஒருகாலத்துல பசால்ட் குழம்பு. சூடான தண்ணி போன வெடிப்பை ஒட்டி, அந்தக் கறுப்பு மாறி பழுப்பு மைக்கா மினுங்க ஆரம்பிக்கும், சுண்ணாம்புக் கனிமம் எட்டிப் பார்க்கும். நடுவுல நீலச் சாம்பல் நிறத்துல குவார்ட்ஸ் நரம்பு, பட்டை பட்டையா. ஒவ்வொரு பட்டையும் வெடிப்பு ஒரு தடவை திறந்து மூடினதுக்கு அடையாளம். மேற்குப் பக்க நரம்புங்கள்ல குவார்ட்ஸைவிட இரும்பு, ஆர்சனிக் சேர்ந்த கந்தகக் கனிமங்கள் அதிகம். சுத்தியல், திசைகாட்டி, சாய்வுமானி இதையெல்லாம் தூக்கிக்கிட்டு, மைல் கணக்குல நடந்து, நிறம் எங்க மாறுதுன்னு தாள்ல புள்ளி வச்சு, புள்ளிய சேர்த்துக் கோடு போடணும். இதான் வரைபட வேலை. வேற மந்திரம் எதுவும் இல்லை.

ஆனா கோலார்ல அந்தக் கோட்டை ஏற்கனவே யாரோ போட்டு வச்சிருந்தாங்க. தாள்ல இல்ல, தரையில. வடக்கு தெற்கா வரிசையா பழங்காலக் குழிங்க. சிலது நூறு அடிக்கு மேலேயே ஆழம். தீ மூட்டிப் பாறையைச் சூடாக்கி, தண்ணி ஊத்தி விரிசல் விடவச்சுத் தோண்டினவங்க. கர்நாடகத்தோட இன்னொரு தங்கச் சுரங்கம் ஹட்டி. அங்க பழைய குழிக்குள்ள கிடைச்ச மரக்கட்டைக்குக் கார்பன் கணிப்புல ஏறத்தாழ ரெண்டாயிரம் வருஷம் வயசு வந்தது. மண்மூடி, செடி வளர்ந்து, வெறும் பள்ளமாத் தெரிஞ்ச இந்த வரிசைதான் கோலாரோட முதல் புவியியல் வரைபடம்னு நான் சொல்வேன். பேரு போடாத வரைபடம்.

பின்னால வந்த ஒவ்வொருத்தரும் அதைப் படிச்சுத்தான் பொழைச்சாங்க. மைக்கேல் லவெல்னு ஒரு ஐரிஷ் சிப்பாய், நியூசிலாந்து மாவோரிப் போர்ல இருந்துட்டு பெங்களூர்ல வந்து ஓய்வா உக்காந்தவர். நியூசிலாந்துல தங்க வேட்டையைப் பார்த்த கண்ணு. 1871 வாக்குல வாரென் எழுதின பழைய குறிப்பைப் படிச்சிட்டு மாட்டுவண்டி கட்டிக்கிட்டு கோலாருக்குப் போனார். 1875ல மைசூர் அரசுகிட்ட உரிமம் வாங்கினார். கையில காசில்ல, தோண்ட முடியல. 1880ல ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ள வந்துச்சு.

அந்தக் கம்பெனியும் நல்லா மண்ணைக் கவ்விச்சு. 1883 முடியறப்ப மைசூர் கம்பெனியோட கையிருப்பு கிட்டத்தட்ட காலி. மிச்சப் பணத்தைப் பங்குதாரருக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டுக் கடையை மூடலாம்னு லண்டன்ல பேச்சு. கடைசியா ஒரு முயற்சின்னு கேப்டன் பிளம்மர்ங்கற சுரங்கக்காரரை அனுப்பினாங்க. அவர் செஞ்சது ரொம்ப எளிமையான காரியம். அந்தப் பழைய குழிங்களுக்கு அடியில போய்ப் பார்த்தார். பழைய ஆளுங்க தண்ணி ஊறினதால நிறுத்திட்டுப் போன இடத்துக்குக் கீழ நரம்பு அப்படியே காத்துக்கிட்டிருந்தது. அதுதான் சாம்பியன் நரம்பு, உலகத்துலயே பேர் பெற்ற தங்க நரம்புங்கள்ல ஒண்ணு. அதே சமயத்துல நம்ம நீலகிரிப் பக்கம் தேவாலா, பந்தலூர்ல லண்டன் கம்பெனிங்க கோடிக்கணக்குல கொட்டி, ஓரிரு வருஷத்துல மூட்டை கட்டிக்கிட்டிருந்தாங்க.

ஒரு இடத்துல கிடைக்குது, இன்னொரு இடத்துல கிடைக்கலே, ஏன்? இதுக்குப் பதில் தேடினவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட். ஆமா, அதே ஆள். 1863ல பல்லாவரத்துல கற்கோடரியைக் கண்டெடுத்தவர், ஏற்காட்டுல வீடு கட்டிக்கிட்டவர். நம்ம ஜனங்களுக்கு அவரைக் கல்லாயுதம் மூலமாத்தான் தெரியும். சம்பளம் வாங்கினது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில. 1882ல மைசூர் தங்க வயல்களைக் குறுக்கே கடந்து போன குறிப்பை வெளியிட்டார். தார்வார்ல இருந்து தெக்க வரைக்கும் குதிரையிலயும் கால்நடையாவும் அலைஞ்சதுல அவருக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. வெளிர் நிற கிரானைட், நைஸ் பாறைக் கடலுக்கு நடுவுல, கறுப்பு ஷிஸ்ட் பட்டைங்க வடக்கு தெற்கா நீண்டு கிடக்கு. தங்கம் இருக்கிற இடமெல்லாம் பெரும்பாலும் அந்தப் பட்டைக்குள்ளதான். அதுக்கு 'தார்வார் அமைப்பு'ன்னு பேர் வச்சு, 1888லயும் 1889லயும் தென்னிந்தியாவோட முதன்மையான தங்கப்பாறை வரிசை இதுதான்னு கட்டுரை எழுதினார். தங்கம் எங்க தேடலாம்ங்கறது அன்னையில இருந்து குருட்டு அதிர்ஷ்டமா இல்லாம, ஒரு நிறப் பட்டையைத் தொடர்ந்து போற வேலை ஆச்சு. கோலார் பட்டை நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், அகலம் பார்த்தா சில கிலோமீட்டர்தான். தெக்க ஆந்திராவுல குப்பம் பக்கம் பிசாநத்தம், சிகர்குண்டா வரைக்கும் போகுது.

இதுக்கப்புறம் ஒரு நல்ல சண்டை. 1894ல மைசூர் அரசு தனக்குன்னு புவியியல் துறை ஒண்ணு ஆரம்பிச்சுது. அதுக்குத் தலைவரா வந்த ஸ்மீத், இந்தத் தார்வார் பாறை எல்லாமே நெருப்புல பிறந்ததுதான்னு அடிச்சுச் சொன்னார். ஃபுட் கூழாங்கல் படிவுன்னு சொன்னதைக்கூட, இல்லை இது நசுங்கி உருண்ட பாறைன்னுட்டார். 1916ல வந்த அவரோட மைசூர்ப் புவியியல் சுருக்கத்துல இதான் நிலைப்பாடு. எல்லாம் எரிமலை! அவருக்குக் கீழ வேலை பார்த்த இந்தியப் புவியியலாளருங்க மெதுமெதுவா, களத்துல நடந்து நடந்து, இங்க பாருங்க இது மணல், இது ஆத்துக் கூழாங்கல்னு திரும்ப மீட்டாங்க. 1940ல பி. ராம ராவ் எழுதின நூல்ல தண்ணில படிஞ்சதுக்கும் நெருப்புல வந்ததுக்கும் தனித்தனி இடம் கிடைச்சது. எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடிச்சிருக்கு. ரெண்டு பேருமே ஒரே கல்லைத்தான் பாக்குறாங்க. இதுல கோலாரைப் பொறுத்த மட்டும் ஸ்மீத் பக்கம்தான் ஜெயம்னு சொல்லணும். அங்க பெரும்பகுதி எரிமலைப் பாறைதான். தண்ணிக்கடியில் குழம்பு பீறிட்டா, வெளித்தோல் சட்டுனு உறைஞ்சு தலகாணி தலகாணியா உருண்டு கிடக்கும். அந்தத் தலகாணிப் பாறையும், எரிமலை தூக்கி எறிஞ்ச கல்லும் சாம்பலும் சேர்ந்து இறுகினதும் தங்கவயல் பக்கம் பெத்தபள்ளியில இருக்கு. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்னு அறிவிச்சிருக்காங்க.

நமக்குப் பக்கத்துல இதே பட்டியல்ல இருக்கிறது திருவக்கரை கல்மரம். வக்கரகாளியைக் கும்பிட்டுட்டு அப்படியே ஒரு எட்டு பாத்துட்டு வருவோமே, அது. 1781லயே சொன்னெரா அதைக் குறிச்சு வச்சிருக்கார், அவரும் பிரெஞ்சுக்காரர்தான். அங்க கிடக்கிறது ரெண்டு கோடி வருஷக் கணக்கு. கோலார் எரிமலைக் குழம்புக்கு 270 கோடி. நான் இருக்கிற சாரத்துல இருந்து லாஸ்பேட்டை, கோரிமேடு ஏறினா காலுக்குக் கீழ செம்மண்ணும் கடலூர் மணற்கல்லும்தான், எரிமலைக்கும் நமக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. அதனாலதான் வாரென் மூலமா சுத்தி வளைச்சு அங்க போக வேண்டியிருக்கு :-)

சுரங்கம் இறங்க இறங்க வரைபடமும் கூடவே இறங்குச்சு. மேல இருந்து பாத்தா வெறும் கோடா இருந்த நரம்பு, மேற்கு நோக்கிச் சரிஞ்சு, கீழ போகப்போக நெட்டுக்குத்தா நின்னுச்சு. சில இடத்துல ஜமக்காளம் மடிச்ச மாதிரி மடிஞ்சும் இருந்துச்சு. அந்த மடிப்புலதான் தங்கம் கொழுத்துக் கிடந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம். 1960ல எஸ். நாராயணஸ்வாமியும் கூட ரெண்டு பேரும் சேர்ந்து, எந்த மடிப்பு எந்த நரம்பை எங்க வச்சிருக்குன்னு 'எகனாமிக் ஜியாலஜி' இதழ்ல விளக்கினாங்க. உலகத்துல வேற எங்கயும் ஒரு பழைய வெந்நீர் அமைப்பை மூணு கிலோமீட்டர் உயரத்துக்கு நிக்கவச்சு வெட்டிப் பாத்தது ரொம்பக் குறைவு. அடித்தளத்துல பாறையோட சூடு 65 டிகிரியைத் தாண்டும். அது பழைய சூடு இல்லைங்க. எந்த இடத்துலயும் ஆழமாப் போனா இருக்கற பூமியோட சாதாரணச் சூடு. இன்னும் சொல்லப்போனா இது பழங்கண்டம்ங்கறதால சூடு ஏர்றது கம்மிதான். நூறு டிகிரியா இருந்தா அவ்வளவு ஆழம் போயிருக்கவே முடியாது. (1965ல வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலா புடிச்ச இடங்கள்ல ஒண்ணு இந்தச் சுரங்கம்தான். அது தனிப் பதிவுக்கு உரிய சமாச்சாரம்.)

1989 மார்ச்சுல 'சயன்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை. குரோக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், முகோபாத்யாய், ராஜமாணி, ஹான்சன்னு அஞ்சு பேர். கோலார் பட்டைக்கு மேற்குப் பக்க நைஸும் கிழக்குப் பக்க நைஸும் வேற வேற பூர்வீகம்; வெவ்வேற இடத்துல பொறந்த ரெண்டு நிலத்துண்டு 250 கோடி வருஷம் முன்னால வந்து ஒட்டின தையல்தான் இந்தப் பட்டைன்னு ஈயம், நியோடிமியம் ஐசோடோப்புகளை வச்சுச் சொன்னாங்க. அவ்வளவு பழங்காலத்துலயே நிலத்தட்டுங்க நகர்ந்து முட்டிச்சுன்னு காட்டின கட்டுரைங்கறதால உலகம் முழுக்கப் பேசப்பட்டுச்சு. வெந்நீருக்கு வழி எப்படிக் கிடைச்சதுங்கறதும் இதுல புரியுது. தையல் போட்ட இடந்தானே எப்பவும் பிரியும். இந்தக் கட்டுரையில ரெண்டாவதா வர்ற பாலகிருஷ்ணன் பின்னால நம்ம காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகத்துல புவி அறிவியல் பேராசிரியரா இருந்தவர். வாரென்ல ஆரம்பிச்சு காலாப்பட்டு வரைக்கும், கோலாருக்கும் நமக்கும் இருக்கிற நூல் அறுபடலை பாருங்க.

குவார்ட்ஸுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குமிழிங்க இருக்கு. அன்னைக்கு ஓடின தண்ணியோட ஒரு துளி, அப்படியே சிறைபட்டது. நுண்ணோக்கியில வச்சுச் சூடாக்கியும் குளிர்வச்சும் பாத்தா, தண்ணியோட கரியமில வாயுவும் மீத்தேனும் கலந்திருந்தது தெரியும். உப்பு ரொம்பக் கம்மி. 250 கோடி வருஷத்துத் தண்ணி! இதைப் படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் வேற வேலை ஓடல.

இவ்வளவும் யாரோட முதுகு மேல நடந்துச்சுன்னு சொல்லாம விட்டா இந்தப் பதிவு பாதிதான். சுரங்கத்துக்குள்ள இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழங்க. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துல இருந்து போனவங்க. அதுல ஆகப்பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிக்காரங்க. ஊர்ல பண்ணையடிமை, இங்க கூலி. கூலின்னாலும் கையில காசு, அதனால போனாங்க. போய், பாறை வெடிச்சுச் செத்தாங்க. ஆழத்துல அழுத்தம் தாங்காம பாறை தானே வெடிக்கும், அந்தக் காலத்துல அதை 'ஏர் பிளாஸ்ட்'னு சொன்னாங்க. சாகாதவங்க குவார்ட்ஸ் தூசியை மூச்சுல இழுத்து நுரையீரல் கல்லாகி இருமி இருமிச் செத்தாங்க. வெந்நீர் கொண்டு வந்து படிச்ச அதே குவார்ட்ஸ்தான். 1902ல சிவசமுத்திரத்துல இருந்து மின்சாரம் வந்துச்சுன்னு பெருமையா எழுதறோம். அது அங்க முதல்ல ஓடவச்சது சுரங்க இயந்திரத்தை, லைன் வீட்டு விளக்கை இல்லை. 1930ல கைரேகை வச்சுப் பதிவு பண்ணுவோம்னு கம்பெனி சொன்னப்ப, நாங்க என்ன திருடங்களான்னு வேலைநிறுத்தம் செஞ்சாங்க. கம்பெனி பின்வாங்கிச்சு.

அதே மக்கள்தான் மாரிக்குப்பத்துல பௌத்த சங்கம் வச்சாங்க. அயோத்திதாசர் 1914ல மறைஞ்சப்புறம் நின்னுபோன 'தமிழன்' பத்திரிகையை 1926ல அப்பாதுரையார் மறுபடி தொடங்கினது தங்கவயல்ல இருந்துதான். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசர் எழுத்தை அச்சுப்போட்டுக் காப்பாத்தலேன்னா நமக்கெல்லாம் அவர் இன்னைக்குக் கிடைச்சிருப்பாரான்னு தெரியல. என்னைக் கேட்டா, அந்த வயல்ல வெட்டி எடுத்த 800 டன் தங்கத்துக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்ல இது.

ஆரம்பத்துல டன்னுக்கு 40 கிராமுக்கு மேல வந்துக்கிட்டிருந்த தங்கம், கடைசியில 5 கிராமுக்கும் கீழ இறங்கிடுச்சு. 1956ல மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கிச்சு, 1962ல மத்திய அரசுக்குப் போச்சு, 1972ல பாரத் கோல்டு மைன்ஸ் ஆச்சு, 2001 பிப்ரவரி 28ல மூடினாங்க. பம்பு நின்னதும் சுரங்கத்துல தண்ணி ஏற ஆரம்பிச்சுது. இப்ப ஆழமான தளமெல்லாம் முழுகிக் கிடக்கு. திரும்பத் திறக்கணும்னு யார் பேசினாலும் முதல் கேள்வி அந்தத் தண்ணிய எப்படி இறைக்கிறதுங்கறதுதான். பழைய குழிக்காரங்களை நிறுத்தினதும் அதே கேள்வி.

தோண்டிப் பொடிச்சு சயனைடுல கழுவிக் கொட்டின மண்ணு 13 மேடா ஊருக்குள்ளயே நிக்குது. காத்தடிச்சா வீட்டுக்குள்ள வரும். 'தங்கலான்' படம் பாத்தவங்களுக்குக் குழி தோண்டுன கதை தெரியும், மேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க கதை தெரியாது. அந்த மேட்டுல இன்னும் கொஞ்சம் தங்கம் மிச்சம் இருக்குன்னு சொல்லி, அதைத் திரும்பச் சலிக்க 2024 ஜூன்ல கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கு. சுரங்கத்துல இறங்கினவங்களோட பேரப்பிள்ளைங்க விடியறதுக்கு முன்னால மாரிக்குப்பத்துல ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு, ராத்திரி திரும்பறாங்க. 1802ல கூடையைக் கைமாத்தினவங்களை வாரென் பார்த்ததும் அதே மாரிக்குப்பத்துலதான்.